பராசரனின் பல்லும் ராமஸ்வாமியின் மூக்கும்

திருவள்ளூருக்கு வந்து பராசரன் வீடு எது என்று கேட்டால் நாலு பேர் நாலு திசையைக் காட்டுவார்கள். பல்லு பராசரன் என்று கேட்டுவிட்டால் போதும், கையைப் பிடித்து அழைத்துவந்து வாசலிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். மேல்வரிசையில் நாலு பல் மற்ற பல்லுக்கெல்லாம் அரை விரற்கடை முன்னால் வந்து நின்றன. குடை இல்லாமல் மழையில் போனாலும் பராசரனுக்கு மோவாய் நனையாது என்று தெருவில் ஒரு பேச்சு. அவன் கோபித்துக்கொள்வதில்லை. கோபித்தால் பல் இன்னும் கொஞ்சம் தெரியும் என்று அவனுக்குத் தெரியும்.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றாம் வருஷம். அவனுக்கு இருபத்து நாலு வயது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வீட்டில் சம்ஸ்கிருதம் சொல்லிக்கொடுத்தான். காலையிலும் சாயங்காலமும், பெரிய கோயிலுக்கு ரெண்டு தெரு தள்ளி இருந்த சின்னப் பெருமாள் கோயில் ஒன்றில் பாசுரம் சேவிக்கும் கோஷ்டியில் நிற்பான். கோஷ்டி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். எதிரெதிரே ரெண்டு வரிசை, வரிசைக்கு மூன்று பேர். நடுவில் நாலடி இடைவெளி இருந்தால் அதிகம். இவர் விடுகிற மூச்சு அவர் முகத்தில் படும். அத்தனை நெருக்கத்தில் நின்று தினம் ரெண்டு வேளை தொண்டை திறந்து சேவிக்கிறவர்களுக்குள் ரகசியம் என்று எதுவும் தங்காது. முந்தின வேளை யார் வீட்டில் பெருங்காயம் தூக்கல் என்பதுகூடப் பொதுச் செய்திதான்.

பராசரனுக்குப் பக்கத்தில் நிற்பவர் ராமஸ்வாமி. கோஷ்டியில் மூத்தவர் அவர்தான், அவர் சொல்தான் கடைசிச் சொல். ரயில்வேயில் முப்பது வருஷம் பார்சல் கிளார்க்காக இருந்து ரிடையரானவர். அவர் மூக்கைப் பற்றி ஊரில் ஒரு புராணமே உண்டு. கோணி தைத்து, அரக்கு வைத்து வந்த மூட்டையை மோந்து பார்த்தே உள்ளே பங்கனப்பள்ளி மாம்பழமா, நெத்திலிக் கருவாடா என்று சொல்லிவிடுவாராம். இப்போது கோயில் பொங்கலைக் கொண்டுவந்து வைத்தால் வாயில் போடுமுன்னே, "இன்னிக்கு எருமை நெய்னா ஊத்தியிருக்கு?" என்பார். மடப்பள்ளிக்காரர் அவரைக் கண்டாலே தூணுக்குப் பின்னால் போய்விடுவார்.

அவருக்கு ஒரே பெண், ஸத்யபாமா. எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தாள். மனசில் பட்டதைப் பட்டென்று சொல்லிவிடுகிற பெண். பராசரனுக்கு அவளைப் பிடித்திருந்தது. பிடித்திருந்தது என்று சும்மா சொன்னால் போதாது, தீர்த்தம் வாங்க அவள் வருகிற நாளில் அவனுக்குப் பாசுரத்தில் ஒரு அடி தப்பிப் போகும், ராமஸ்வாமி முழங்கையால் இடிப்பார். ஜாதகம் பொருந்தியிருந்தது. ராமஸ்வாமிக்கு அவன் குரலும் பாடமும் பிடிக்கும். அவர் மனைவிக்குத்தான் அந்த நாலு பல் இடைஞ்சலாக இருந்தது. "பேரனுக்கும் வந்து தொலைச்சா?" என்றாளாம். கடைசியில், ஆடி போகட்டும், ஆவணியில் உட்கார்ந்து பேசலாம் என்று சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஆவணியை நினைத்துக்கொண்டுதான் பராசரன் நாளைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

வைகாசிக் கடைசியில் அவனுக்குக் கடைவாய்ப் பல் வலி வந்தது. பாசஞ்சர் ரயில் ஏறிப் பட்டணத்துப் பல் ஆஸ்பத்திரிக்குப் போனான். அங்கே கிரேஸ் என்று ஒரு டாக்டரம்மா, கோணல் பல்லை வரிசைக்குக் கொண்டுவருகிற மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். பரீட்சைக்கு ஒரு ஆளின் பல்லை முதலிலிருந்து கடைசிவரை நேராக்கிக் காட்டவேண்டுமாம். இவன் ஆ என்று காட்டியதும் அவள் கடைவாயைப் பார்க்கவே இல்லை. முகமெல்லாம் மலர்ந்து, பக்கத்து அறையிலிருந்து இன்னும் ரெண்டு பேரைக் கூப்பிட்டாள்.

"எவ்வளவு அருமையா முன்னால வந்திருக்கு பாருங்க! இப்படி ஒரு கேஸ் கிடைக்காதான்னு ஆறு மாசமா தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள். அவன் பல்லைப் பார்த்து ஒரு பெண் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. அந்த மயக்கத்தில் அவள் கேட்டதுக்கெல்லாம் தலையாட்டிவிட்டான். காசு ஒன்றும் வேண்டாம், ரெண்டு வருஷம் மாசாமாசம் வந்து கம்பியை முறுக்கிக்கொண்டு போகவேண்டும், அவ்வளவுதான்.

பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு எவர்சில்வர் மோதிரம் போட்டு, சிமெண்டு பூசி, எல்லாவற்றையும் கோத்து ஒரு கம்பியை ஓட்டிவிட்டாள். அன்று சாயங்காலம் ரயிலில் திரும்பும்போது வாயை மூடிக்கொண்டே வரப் பார்த்தான். மூடுகிற வாயாக இருந்தால் அவன் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகிறான்? எதிர் பெஞ்சுக்காரர் ஆவடியிலிருந்து திருநின்றவூர் வரைக்கும் அவன் வாயையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டில் அம்மா அம்புஜவல்லி முதலில் ஒரு மூச்சு அழுதாள். அப்புறம் பழகிவிட்டது. தெருவும் ஒரு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டு அலுத்துப் போயிற்று. பல் மெல்ல உள்ளே போகிறது என்று ராமஸ்வாமியின் மனைவிக்கே ஒரு நம்பிக்கை வந்தது. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, மூன்றாவது வாரம் வரைக்கும்.

மூன்றாவது வாரத்தில் ஒரு காலை, சேவித்துக்கொண்டிருக்கும்போது ராமஸ்வாமி தற்செயலாக நகருவதுபோல ஒரு சாண் நகர்ந்து நின்றார். மறுநாள் ஒரு முழம். எதிர்வரிசையில் நின்ற வரதன், பாசுரத்தில் உருகுகிறவர் மாதிரி கண்ணை மூடிக்கொண்டு மெல்லப் பின்னால் சாய்ந்தார். அந்த வார முடிவில் எதிர்வரிசை மூன்று பேரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். பராசரன் வாயைத் திறந்தால் அவர்கள் மூச்சை அடக்குவார்கள், அவன் நிறுத்தினால் விடுவார்கள். அடிக்கு அடி இது நடந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து உள்ளங்கையைக் குவித்து ஊதி மோந்து பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. தன் வாய் தன் மூக்குக்குத் தெரியாது என்பது எல்லாருக்கும் பொதுவாகப் பெருமாள் வைத்த ஏற்பாடு.

வெட்கம் பிடுங்கித் தின்றது. நாலு பேருக்கு நடுவில் நிற்கிறவனைப் பார்த்து நாலு பேரும் பின்னால் சாய்ந்தால் எப்படி இருக்கும் என்பது நின்று பார்த்தவனுக்குத்தான் தெரியும். ஆவணி வேறு வந்துகொண்டிருந்தது. அம்புஜவல்லி தனக்குத் தெரிந்த வைத்தியத்தையெல்லாம் இறக்கினாள். கிராம்பு கொடுத்தாள், அது கம்பிக்கும் ஈறுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க எரிந்தது. துளசியை மெல்லச் சொன்னாள். வாய் திறந்தால் பல்லெல்லாம் பச்சையாக, பந்தல் போட்ட மாதிரி இருந்தது. பச்சைக் கர்ப்பூரம் ஒரு துளி போட்டுக்கொண்டு போன அன்று, கர்ப்பூரமும் கெட்ட நாற்றமும் சேர்ந்து மூன்றாவதாக ஒன்று உண்டாயிற்று. வரதன் அன்று தும்மினார்.

அடுத்த மாசம் கிரேஸிடம் போனபோது, கண்ணில் நீர் முட்ட இதைச் சொன்னான். அவள் சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்தாள்.

"எதால பல் தேய்க்கிறீங்க?"

"பல்பொடிதான். விரலால."

"விரல் கம்பிக்கு அடியில போகுமா? ரெண்டு நாள் முந்தின சோறு இங்க இருக்கு. கடுகுகூட இருக்கு. இதுக்கு மேல கிராம்பையும் கர்ப்பூரத்தையும் போட்டு என்ன பிரயோஜனம்? குப்பையைப் பெருக்காம மேல ஜவ்வாது தெளிக்கிற மாதிரிதான்." ஒரு பிரஷ்ஷை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "எது சாப்பிட்டாலும் உடனே இதால தேய்க்கணும். கம்பிக்கு மேலேயும் கீழேயும். அப்புறம் உப்பு போட்ட வெந்நீர்ல நல்லா கொப்பளிக்கணும். நாக்கையும் வழிக்கணும். பத்தே நாள்ல நாத்தம் போயிடும்."

பராசரன் பிரஷ்ஷைப் பார்த்துத் தயங்கினான். "எங்காத்துல இது ஆகாது, டாக்டர். எச்சில்னுவா அம்மா."

"உங்க வாய் எச்சில் உங்க வாய்க்கே ஆகாதா?" என்று கேட்டாள் கிரேஸ்.

அந்தக் கேள்வியை அவன் அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தான். அம்புஜவல்லிக்குப் பதில் தெரிந்திருந்தது. "வேப்பங்குச்சின்னா ஒருதரம் தேய்ச்சுட்டுத் தூக்கிப் போட்டுடறோம். இதை நேத்திக்கும் வாயில வச்சு, இன்னிக்கும் வச்சு, நாளைக்கும் வைப்பியா? எச்சில் மேல எச்சில்! இதை வாயில வச்சுண்டு போய்ப் பெருமாள் முன்னாடி நிப்பியா? அது என்ன மயிரோ என்னமோ!" நைலான் என்று அவன் சொன்னது காதில் ஏறவில்லை. அடுப்படி இடுக்கியால் பிரஷ்ஷைப் பிடித்துக் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, இடுக்கியைப் புளி போட்டுத் தேய்த்தாள். அம்மாவை எதிர்த்துப் பேசுகிற சுபாவம் அவனுக்கு இல்லை. சந்து வழியாகச் சுற்றிப் போய் பிரஷ்ஷைப் பொறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டான்.

இனி அதை எங்கே வைப்பது, எங்கே தேய்ப்பது? தெருக் குழாயில் முடியாது, பார்க்காத கண் இல்லை. குளத்தங்கரையைப் பற்றிப் பேசவே வேண்டாம். யோசித்து யோசித்து அவன் கண்டுபிடித்த இடம் ஸ்டேஷன் வாசல். அங்கே முனுசாமி என்பவன் வெங்காயப் பக்கோடாக் கடை போட்டிருந்தான். கடைக்குப் பின்னால் தட்டி மறைவில் ஒரு குழாய். முனுசாமியின் பிள்ளை அவனிடம் சம்ஸ்கிருதம் படித்து மார்க்கு வாங்கியிருந்தது, அதனால் பழக்கம்.

விஷயத்தைக் கேட்டு முனுசாமி வயிறு குலுங்கச் சிரித்தான். "இதுக்கா சாமி இம்மாம் பேஜாரு? தகர டப்பாவுல போட்டு நம்ம ஸ்டூலுக்கு அடியில வச்சிக்கினு இருக்கேன். நீ எப்ப ஓணா வந்து தேச்சிக்கினு போ. வெந்நீ பாய்லர்ல கொதிச்சிக்கினே கீது, உப்புக்கு இன்னா பஞ்சம்?"

"வெளியில யார்கிட்டயும் சொல்லிடாதே, முனுசாமி."

"நானா? இந்தத் தட்டிக்குப் பின்னால எத்தினி பேரு சங்கதி கீது தெரியுமா? வாயத் தொறந்தேன்னா ஊருல பாதிப் பேரு தலைய வெளிய காட்ட முடியாது. நீ போ சாமி."

அவன் கடை வெந்நீர் ஆகுமா என்று பராசரனுக்கு மனசு ஒரு நிமிஷம் இடித்தது. கொப்பளித்துத் துப்பத்தானே போகிறோம், விழுங்கவில்லையே என்று சமாதானம் செய்துகொண்டான். தேவை வந்துவிட்டால் சாஸ்திரத்தில் வழி கிடைக்காமல் போவதில்லை.

மத்தியானம் சாப்பிட்டதும் ஒருதரம், சாயங்காலம் கோயிலுக்குப் போகுமுன் ஒருதரம் ஸ்டேஷனுக்கு நடந்தான். தட்டிக்குப் பின்னால் பத்து நிமிஷம், அப்புறம் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து விறுவிறுவென்று போவான். டாக்டர் சொன்னபடி பத்து நாளில் வாய் தெளிந்துவிட்டது. எதிர்வரிசை சுவரை விட்டு மெல்ல முன்னால் வந்தது. ராமஸ்வாமி ஒரு சாண் தூரத்துக்குத் திரும்பி வந்தார். பராசரனுக்குக் குரலே புதிதாக வந்தமாதிரி இருந்தது.

ஆனால் நீங்களே சொல்லுங்கள். வெங்காயம் சேர்க்காத வீட்டுப் பிள்ளை, தினம் ரெண்டு வேளை பக்கோடாக் கடைத் தட்டிக்குப் பின்னால் போய்விட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறான். பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பல் விளக்கிவிட்டு வருகிறான் என்றா?

ஆடிப்பூரத்தன்று சாயங்காலம் அது வெடித்தது. ஆண்டாளுக்கு உற்சவம், சின்னக் கோயில் நிறைய ஜனம். அம்புஜவல்லியும் ஸத்யபாமாவும் அவள் அம்மாவும் பெண்கள் பக்கம் நின்றிருந்தார்கள். கோஷ்டி நல்ல சுருதியில் போய்க்கொண்டிருந்தது. நடுவில் வரதன் மூக்கைச் சுளித்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். அவரும் மூக்கைச் சுளித்தார். எப்படியோ சமாளித்து முடித்தார்கள். முடித்ததும் வரதன் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எதிர்வரிசையிலேர்ந்து வெங்காய வாடை அடிக்கிறது. இன்னிக்குன்னு இல்லே, ஒரு வாரமாவே லேசா வந்துண்டுதான் இருக்கு. யாருன்னு நான் சொல்லணுமா?"

எல்லார் கண்ணும் பராசரன் பக்கம் போயிற்று. முன்னால் நாறின வாய் என்றால் பின்னால் வருகிற நாற்றத்துக்கும் அதுவே பொறுப்பு என்பது ஊர் நியாயம். ராமஸ்வாமியின் முகம் சிவந்தது.

"எனக்கும் தெரியும்" என்றார். "நானும் நேர்ல பார்த்தேன். ஸ்டேஷன் வாசல்ல முனுசாமி கடைத் தட்டிக்குப் பின்னாலேர்ந்து வாயைத் துடைச்சுண்டு வந்தாய். ஒரு நாள் இல்லே, நாலு நாள். சின்னப் பையன், போகட்டும்னு விட்டேன். ஆண்டாள் திருநாளன்னிக்குமா? பராசரா, அது நிஜமா இருந்தா உனக்குக் கோஷ்டியிலயும் இடம் இல்லே, என் ஆத்துலயும் இடம் இல்லே. வா வெளியில."

பிராகாரத்துக்கு அழைத்துப் போனார். கூட்டமும் பின்னாலேயே போயிற்று. ராமஸ்வாமி அவனுக்கு நேர் எதிரே, மூக்குக்கு மூக்கு நாலு விரல் தூரத்தில் நின்றார். மதுவிலக்கு இருந்த காலத்துப் போலீஸ்காரர் மாதிரி, "ஊது" என்றார்.

பராசரன் ஊதினான். ராமஸ்வாமி கண்ணை மூடி நிதானமாக உள்ளே இழுத்தார். ஊரே அந்த மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் புருவம் ஏறியது. "இன்னொரு தரம்" என்றார். ஊதினான்.

"உப்பு" என்றார். "உப்பு வெந்நீர். கொஞ்சம் இரும்பு. வேறே ஒண்ணும் இல்லையே! மத்தியானம் சாப்பிட்ட மோருஞ்சாதம்கூட இல்லையே! வெங்காயம் துளி இல்லே."

அவர் சொல்லச் சொல்ல, அவர் வாய்க் காற்று நேராகப் பராசரன் முகத்தில் வந்து மோதியது. வெங்காயம். கடலை எண்ணெயில் பொரித்த, சோம்பு தூவின, முறுகல் வெங்காயம். இதில் சந்தேகத்துக்கே இடமில்லை. அந்த வாசனைக்குப் பக்கத்தில் நின்றுதான் அவன் இருபது நாளாகப் பல் தேய்க்கிறான். முனுசாமி கடைப் பக்கோடா அது, ஒரு மணி நேரத்துக்கு முந்தின ஈடு. பராசரன் தன்னை மறந்து முகத்தைப் பின்னுக்கு இழுத்தான்.

ராமஸ்வாமி கண் திறந்தார். அவன் பின்னுக்குப் போனதைப் பார்த்தார். மூட்டையை மோந்தே உள்ளே இருப்பதைச் சொன்ன மனுஷருக்குத் தன் வாயில் இருப்பது அந்த நிமிஷம்வரை தெரியவில்லை. இப்போது தெரிந்தது. சிவந்திருந்த முகம் வெளுத்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டார். அவர் கண் பராசரனைக் கெஞ்சியது. கூட்டத்துக்கு அது தெரியவில்லை, அவனுக்கு மட்டும் தெரிந்தது.

"அப்படின்னா வெங்காயம் எங்கேர்ந்து வந்துது?" என்று கேட்டார் வரதன்.

ஒரு வார்த்தை போதும். இவர் வாயை மோந்து பாருங்கோ என்றால் முடிந்தது. பராசரன் பேர் அங்கேயே துலங்கிவிடும், இத்தனை நாள் அவமானமும் வட்டியோடு தீரும். ராமஸ்வாமி அப்புறம் அந்தக் கோயில் வாசலை மிதிக்க முடியாது. அவனுக்கு ஸத்யபாமா ஞாபகம் வந்தது, அப்பாவைக் கவிழ்த்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்ற கணக்கும் வந்தது. தெரியாது என்று சொன்னால் அது பொய். ஆனால் அதையெல்லாம் விட, நாலு பேர் தன்னைக் கண்டு பின்னால் சாய்கிற காட்சி அவன் கண்ணில் வந்து நின்றது. கண்டு அனுபவித்தவன் அவன். அதை இன்னொருத்தருக்கு, அதுவும் அறுபது வயசுக்கு மேல் ஒருத்தருக்குக் கொடுக்க அவனுக்கு மனசு வரவில்லை.

"அடியேன்தான்" என்றான். "வெங்காயம் சாப்பிடலை. ஆனா முனுசாமி கடைக்குப் போறது நிஜம். தட்டிக்குப் பின்னால பிரஷ் வச்சிருக்கேன். கம்பிக்கு அடியில தேய்க்க வேறே வழி இல்லே. பக்கத்துலயே எண்ணெய்ச் சட்டி. அந்தப் புகை வஸ்திரத்துல ஏறிடறது. தப்புதான். இனிமே வேஷ்டி மாத்திண்டு வரேன்."

வரதனுக்குச் சரியென்று பட்டது. பெண்கள் பக்கத்திலிருந்துதான், "பிரஷ்ஷா! எச்சில் பிரஷ்ஷா! அந்தக் கையோடயா தினம் தீர்த்தம் வாங்கிண்டே!" என்று அம்புஜவல்லியின் குரல் கிளம்பியது. கூட்டம் மறுபடியும் முணுமுணுத்தது. வெங்காயத்தைவிட இது பெரிய பாவமா, சின்னப் பாவமா என்று அங்கேயே ரெண்டு கட்சி உண்டாயிற்று.

ராமஸ்வாமி கையைத் தூக்கினார். பேசும்போது முகத்தைக் கொடிமரத்துப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசினார்.

"அம்புஜம், உங்காத்துல நாக்கு வழிக்கிற தகடு இருக்கோல்லியோ?"

"இருக்கு. எங்காத்துக்காரர் காலத்து வெள்ளித் தகடு. அதுக்கென்ன?"

"அதை தினம் ஒண்ணா தூக்கிப் போடறேளா?"

"வெள்ளியை யாராவது தூக்கிப் போடுவாளோ?" என்றாள் அம்புஜவல்லி.

"அலம்பி மாடத்துல வச்சு மறுநாளும் அதையேதானே வழிக்கறோம்? எல்லாராத்துலயும் அப்படித்தானே? அதுக்கு இல்லாத எச்சில் இதுக்கு மட்டும் எங்கேர்ந்து வந்துது? அலம்பி வச்சா சரிதான். பையன் ஆத்துலயே தேய்க்கட்டும். அவனை அந்தக் கடைப் பக்கம் அனுப்பாதீங்கோ." கடைசி வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். முப்பது வருஷமாக அந்தத் தெருவில் யாருக்கும் தோன்றாத நியாயம், அன்று அவருக்குத் தோன்றியது. நெருக்கடி வந்தால் மனுஷனுக்கு நல்ல புத்தி வரத்தான் செய்கிறது.

ஆவணி பிறந்தது. சொன்னபடி பராசரனையும் அவன் அம்மாவையும் ராமஸ்வாமி வீட்டில் கூப்பிட்டார்கள். பல் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. கூடத்தில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். ராமஸ்வாமி வழக்கத்துக்கு மாறாக அதிகம் பேசாமல், உதட்டைத் திறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஸத்யபாமா, "அவரோட ஒரு வார்த்தை பேசணும்" என்றாள். அந்தக் காலத்துக்கு அது கொஞ்சம் அதிகம்தான். இருந்தாலும் ராமஸ்வாமி சரியென்று தலையாட்டினார். பின்கட்டில் கிணற்றடி வாசல்படியில் இருவரும் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் கூடம் தெரியும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள். "அன்னிக்குப் பிராகாரத்துல அப்பா உங்க வாயை மோந்து பார்த்தா. அப்போ நீங்க ஏன் முகத்தைப் பின்னாடி இழுத்துண்டேள்?"

உண்மையைச் சொன்னால் அவள் அப்பா போச்சு, பொய் சொன்னால் இவளிடம் முதல் வார்த்தையே பொய். "அது... கம்பி குத்தித்து" என்றான்.

"கம்பியா?"

"ஆமாம். உள் உதட்டுல."

ஸத்யபாமா அவனையே பார்த்தாள். அவன் காது வரைக்கும் சிவந்துவிட்டது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"முன்னெல்லாம் அப்பா கோயில் முடிஞ்சுதான் ஸ்டேஷன் பக்கம் போவா, இந்த ஆடியிலதான் முன்னாடியே போயிட்டா. அம்மா ரெண்டு வருஷமா அப்பாவோட அங்கவஸ்திரத்துல எண்ணெய்க் கறையைத் தோய்ச்சுண்டிருக்கா. ஒரு நாள் ஒரு வார்த்தை கேட்டதில்லே. நான் கேட்டா, ஸ்டேஷன்ல பார்சல் கறைம்பா. ரிடையரான மனுஷருக்கு ஏது பார்சல்?" என்றாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்களுக்குப் பொய் சொல்லவே வரலை. ஆனா அன்னிக்கு அத்தனை பேருக்கு முன்னாடி எங்கப்பாவைக் காட்டிக் குடுக்காம நீங்க பழியை ஏத்துண்டேளே, அன்னிக்கு ராத்திரி நான் படுத்துண்டு அழுதேன். பல்லு உள்ளே போனா போகட்டும், போகாட்டாலும் போகட்டும். எனக்கு நீங்கதான்" என்றாள்.

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கூடத்துப் பக்கம் திரும்பி, தெருவுக்கே கேட்கும்படி, "அப்பா, கேட்டுட்டேன்! எனக்குச் சம்மதம்!" என்றாள்.

கூடத்தில் அதுவரை விரைத்துப் போய் உட்கார்ந்திருந்த ராமஸ்வாமியின் தோள் இறங்கியது. நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். விடும்போது, சம்பந்தி அம்மாள் எதிரே இருக்கிறாள் என்பதை மறக்காமல், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.